குளிர் லீவும் பக்கத்து வீட்டுப் பெட்டியும்

ஃபோப்ஜிக்கா, பூடான்
டிசம்பர் 19

பிள்ளே வக்கீலம்மா,

தீபாவளிக்கு நீ எழுதினதுக்கு இன்னும் பதில் போடவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். போன் பண்ணினால் நீ குறுக்கு விசாரணையில் இறங்கிவிடுவாய், வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் படிக்கமாட்டாய். அதனால்தான் மெயில். வீட்டில் எல்லாரும் சுகம்தானே? சோடாபுட்டிக்குக் கல்யாணம் கூடிவந்திருக்காமே! மாப்பிள்ளையிடம் அந்த லேப் கதையைத் தாலி ஏறுகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

இங்கே லீவு விட்டாச்சு. 17-ம் தேதி தேசிய நாள். 1907-ல் இவர்களுடைய முதல் ராஜா முடிசூட்டிக்கொண்ட நாள். பையன்கள் கோவும் பெண்பிள்ளைகள் கிராவும் (அதுதான் இவர்களுடைய தேசிய உடை) உடுத்திக்கொண்டு ஆடிப் பாடி முடித்தார்கள். அந்தக் கையோடு ரிசல்ட். நமக்கெல்லாம் ரேங்க் கார்டு வாங்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் வயிற்றைக் கலக்கும். இங்கே அது ஒரு கோயில் கொடை மாதிரி. தாய் தகப்பன், பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பமே வந்து மைதானத்தில் விரித்து உட்கார்ந்துவிடும், பிளாஸ்கில் உப்புப்போட்ட வெண்ணெய் டீயோடு. எனக்கும் ரெண்டு கப் ஊற்றிக் கொடுத்தார்கள். ஃபெயிலான பையனின் அம்மாகூடத்தான்! சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் காலி. தகரப் பெட்டிகளை வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டு, "ஹேப்பி வின்டர், மேடம் லா" என்று கத்திக்கொண்டே போய்விட்டார்கள். இனி பிப்ரவரியில்தான்.

குளிரைப் பற்றிக் கேட்காதே. கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரம். காலையில் குழாயில் தண்ணீர் வராது, உள்ளேயே உறைந்து கிடக்கும். தேங்காயெண்ணெய் பாட்டிலை புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் தலைக்கு எண்ணெய். தோசை மாவையும் அங்கேதான் வைக்கிறேன். ஒருபக்கம் புளிக்கும், மறுபக்கம் புளிக்காது. இந்தப் பள்ளத்தாக்கு ஜனங்களே பாதிப்பேர் உருளைக்கிழங்கை விற்றுவிட்டு, குளிருக்குப் பயந்து கீழே வாங்டூ பக்கம் இறங்கிவிடுகிறார்கள். திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் மட்டும் மெனக்கெட்டு வருகின்றன. அதுகள் கம்பியில் அடிபடக் கூடாதென்று கரண்டு கம்பியை மண்ணுக்கடியில் போட்டிருக்கிறார்கள். நீ கொக்கு பார்க்க வருகிறேன் என்றாயே, ஒரு ராத்திரிக்கு ₹1,200 அரசாங்கத்துக்குத் தனியாகக் கட்டணும், பார்த்துக்கொள். வெள்ளைக்காரனுக்கு 100 டாலர். நமக்கு அது சலுகை விலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டு டீச்சரைப் பற்றி எழுதியிருக்கேன் இல்லையா, ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள்? நான் வந்த புதிதில் புகாரி பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்தவள். அவள் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டாள். புருஷனும் அவளுமாக ஆஸ்திரேலியா போகிறார்கள், பெர்த்துக்கு. இவள் அங்கே ஏதோ கோர்ஸ் படிப்பாள், அவன் வேலை பார்ப்பான். முதியோர் இல்லத்திலோ ஓட்டல் சமையல்கட்டிலோ, எது கிடைத்தாலும்.

இதில் புதுசு ஒன்றும் இல்லை என்பதுதான் கொடுமை. கொரோனாவுக்குப் பிறகு இந்த ஊரே பெர்த்துக்குப் பெட்டி கட்டுகிறது. நாட்டின் மொத்த ஜனத்தொகையே எட்டு லட்சம்கூடக் கிடையாது, அதில் படித்த வாலிபமெல்லாம் வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது. அரசு ஊழியர்களிலேயே ஆசிரியர்களுக்கும் மருத்துவத் துறைக்காரர்களுக்கும்தான் அதிகச் சம்பளம் என்று 2019-ல் உயர்த்தினார்கள். உலகத்தில் எந்த அரசாங்கம் அப்படிச் செய்திருக்கிறது, சொல்லு? அப்படியும் நிற்கவில்லை. 2023 தேசிய நாளன்று கெலெஃபுவில் ஒரு புது நகரமே கட்டப்போவதாக ராஜா அறிவித்தார். போனவர்கள் திரும்பி வரட்டும் என்ற நினைப்பு அதிலும் உண்டு. வருவார்களோ என்னவோ. அவர்கள் போன நாற்காலியில்தான் என்னைப் போன்றவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறோம். அவள் பெர்த்துக்குப் போகிறாள், அந்த இடத்துக்கு நாகர்கோவிலிலிருந்து நான். பெர்த்திலிருந்து யார் எங்கே போகிறார்களோ!

நேற்று ராத்திரி பெட்டி கட்ட ஒத்தாசைக்குப் போனேன். தூக்கிப் பிடிக்கிற தராசில் பெட்டியை மாட்டி மாட்டிப் பார்க்கிறாள், முப்பது கிலோவைத் தாண்டுகிறது. காய்ந்த மிளகாயை எடு, உள்ளே வை, திரும்ப எடு. பாலாடைக்கட்டியை அந்த ஊர் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று புருஷன் சொல்கிறான். அதை மட்டும் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தாள். நாலு கிராவில் எதை விடுவது என்று ஒரு மணி நேரம். ஆறு வயசுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து தன்னுடைய ஸ்கூல் ஷூவைக் கொண்டுவந்து பெட்டி ஓரத்தில் செருகினாள். இவள் எடுத்து வெளியே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஷூ திரும்பவும் உள்ளே. யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஏன்னா அது போகவில்லை, பிள்ளே. பாட்டியோடு கிராமத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். முதலில் கடனை அடைக்கணும், அப்புறம் கூட்டிக்கொள்வோம் என்கிறாள். பாட்டிக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து வீசாட்டில் வாய்ஸ் மெசேஜ் அமுக்கப் பழக்கியிருக்கிறாள். (நம்ம நாட்டில் தடை பண்ணின அதே வீசாட்தான், இங்கே அது இல்லாமல் ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை.) குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்: "மேடம், உங்க பையன் எத்தனை நாள் அழுதான்?"

நான் என்ன சொல்ல? அவன் அழவே இல்லையே! அம்மா இடுப்பில் கையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் சிரித்த முகமாக டாட்டா காட்டினான், உனக்குத்தான் தெரியுமே, நீதான் பக்கத்தில் நின்றாய். இப்போது போனில் என்ன பேசினாலும் "ம்", "சரி", "சாப்பிட்டேன்". ஹோம்வொர்க்கில் சந்தேகம் வந்தால் உன்னிடம் வருகிறானாம். கெமிஸ்ட்ரி டீச்சர் மகன் வக்கீலிடம் சந்தேகம் கேட்கிறான்! சந்தோஷம்தான். எரிச்சலும்தான். அவளுக்குப் பதில் சொல்லாமல் டீ போடுகிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

இந்த லீவு இருக்கிறதே, அது வேறு பாவம். இங்கே ரெண்டு மாசம் சும்மா இருக்கேன். அவனுக்கு அரைப்பரீட்சை லீவு கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு வாரம், கொஞ்சம் கூட. நான் வந்து இறங்குவதற்குள் அதில் பாதி போய்விடும். அப்புறம் அவன் காலையில் ஸ்கூலுக்குப் போய்விடுவான், நான் அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கணும். மே மாசம் அவன் வெயிலில் சுற்றும்போது நான் இங்கே அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருப்பேன்.

இதற்கு நடுவில் பிரின்சிபால் ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார். இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம். பக்கத்து வீட்டுக்காரியின் கணக்கு வகுப்பும் சேர்ந்து என் தலையில் வரும். பிள்ளைகள் தங்கம், சம்பளம் நம்ம ஊர் தனியார் பள்ளிக்கூடத்தில் கனவிலும் கிடைக்காது, வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும், நீ வாதாடவேண்டாம். போன வாரம் இந்தக் காகிதம் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது அது மேஜைமேல் கிடக்கிறது, மேலே அந்தத் தேங்காயெண்ணெய் பாட்டிலை வைத்திருக்கிறேன்.

அவனிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்று இருக்கிறேன். பத்து வயசுப் பையனிடம் என்ன கேட்பது என்று அம்மா சொல்வாள். அவனும் "சரி" என்றுதான் சொல்வான். அதனால்தான் உன் உதவி வேண்டும். உன்னிடம் அவன் என்னென்ன பேசுகிறான் என்று மனதில் குறித்து வை. கறந்து வாங்காதே, உன் கோர்ட் குரலையும் எடுக்காதே. தானாக ஏதாவது சொன்னால் மட்டும்.

நாளை மறுநாள் கிளம்புகிறேன். லாவா லா கணவாயில் பனி விழுந்து ரோடு அடைக்காமல் இருந்தால் திம்பு, புன்ட்ஷோலிங், அப்புறம் நியூ ஜல்பாய்குரியில் விவேக் எக்ஸ்பிரஸ். டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில்தான் இருக்கிறது. உன் அண்ணனிடம் கோட்டா ஏதாவது பார்க்கச் சொல்லு, பிஎன்ஆர் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். ராத்திரிதான் வந்து சேரும், லேட் ஆகும். நீ வா, அவனையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா குளிரில் நிற்கவேண்டாம். நாகர்கோவில் குளிர், அதுவும் ஒரு குளிர்! ஒப்பந்தத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன்
நெட்டை