கொடை வரியும் ஒரு மசோதாவும்

வெலிங்டன், நியூசிலாந்து
ஜூன் 15, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பொடி வந்து சேர்ந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கும். இங்கே குளிர்காலம். மழை காற்றோடு சேர்ந்து குறுக்கே அடிக்கிறது, குடை பிடிக்க முடியவில்லை.

அன்றைக்குப் போனில் கேட்டீர்களே, "மந்திரி கொண்டுவந்த மசோதாவை அவருடைய கூட்டணியே தோற்கடிக்கிறது, அவரும் பதவியில் இருக்கிறார், இது என்ன ஆட்சி?" என்று. விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

1840இல் இந்த ஊர்ப் பூர்வகுடிகளான மவோரிகளின் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் வைத்தாங்கியில் செய்த ஒப்பந்தத்துக்கு இதுதான் பொருள் என்று சட்டமாக்கப் பார்த்தார் நீங்கள் கேட்ட அந்த மந்திரி, கூட்டணியில் உள்ள ஆக்ட் கட்சியின் தலைவர் டேவிட் சீமோர். நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனை வரைதான் ஆதரவு, அதற்கு மேல் கிடையாது என்று பிரதமர் லக்சன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இது மவோரிகளின் உரிமையைக் குறைக்கும் என்று எதிர்த்துப் போன நவம்பரில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். வேலை முடிந்து வந்த நான் பஸ் கிடைக்காமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏப்ரல் 10ஆம் தேதி மசோதா 112க்கு 11 என்று தோற்றது. எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் மவோரிப் பாட்டி அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சீமோர் மே 31 முதல் துணைப் பிரதமர்!

மந்திரிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் இங்குள்ள அமைச்சரவைக் கையேட்டில் இதற்கு இடம் இருக்கிறது. கூட்டணிக் கட்சிகள் இன்ன விஷயத்தில் நாங்கள் வேறு வேறு கருத்து என்று முறைப்படி ஒப்புக்கொண்டு, அதை வெளியிலும் பேசலாம். கடைசி முடிவு வந்துவிட்டால் எல்லா மந்திரிகளும் அதை நிறைவேற்ற வேண்டும். ஆனால் இந்தச் சலுகை கட்சிக்குத்தான். மனசாட்சி உறுத்துகிறது என்று தனி ஒரு மந்திரி வெளியே பேச முடியாது. அது மட்டும் எனக்கு வருத்தம்தான், அப்பா.

அப்படிப்பட்டவருக்கு நம் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் போன வழிதான். 1965 பிப்ரவரியில் இந்தி விவகாரத்தில் மத்திய மந்திரி பதவியை இருவரும் ராஜினாமா செய்த செய்தி வந்தபோது பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியே எழுந்து நின்றது என்பீர்களே. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு தந்த வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று சாஸ்திரி வானொலியில் சொன்ன பிறகுதான் அவர்கள் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்கள். நம் அரசியல் சட்டத்தின் 75ஆவது பிரிவில் மந்திரிசபை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு என்றுதானே இருக்கிறது. உள்ளே எவ்வளவு சண்டை போட்டாலும் வெளியே ஒரே குரல், முடியாவிட்டால் விலகல். அந்த நேர்மை பெரிது. ஆனால் கூட்டணி ஆட்சியில், இல்லாத ஒற்றுமையை இருப்பதாகச் சொல்வதைவிட, எதில் ஒத்துவரவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடும் இந்த ஊர் வழக்கமும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டுதான் வேண்டும் என்று கூட்டத்தில் தனி ஆளாக நின்று பேசினீர்கள். மெல்லிசைக் கச்சேரி என்று முடிவானது. மறுநாள் காலையில் வரி பிரிக்க நோட்டோடு முதலில் கிளம்பியதும் நீங்கள்தான். "தோத்துட்டு வந்து இதுக்கு ஏன் அலையுத?" என்று ஆச்சி சத்தம் போட்டாள். அந்தக் கையேட்டைப் பற்றிப் படித்தபோது அந்த நோட்டுதான் கண்ணில் நின்றது.

இந்த வருஷக் கொடைக்கு என்ன முடிவு? எங்கள் வீட்டு வரியைத் தம்பி கணக்கில் போட்டிருக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் போடுங்கள்.

உங்கள் மகள்