கேக் வெட்டப் போன கதை

சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்பு மணியம்,

திட்டாதே. எட்டு மாதமாகிவிட்டது, எனக்கே தெரியும். உன் கடிதம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பேனா எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கடன்காரன் மாதிரி முறைக்கிறது. காலை வணக்கத்துக்குப் பூப்படம் அனுப்புகிறவனோடு இனி பேச்சே கிடையாது என்று சொன்னவன் நீ. அதற்குப் பயந்து வாட்ஸ்அப்பிலும் வாயைத் திறக்கவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். என் வீட்டுக்காரிக்கு, அதான் உன் தங்கச்சிக்கு, முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போது என்னைவிட வேகமாகத் தேக்காச் சந்தைக்கு நடக்கிறாள். பெரியவனுக்கு ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு கிடைத்துவிட்டது. நம் இல்லத்துத் தவளை தன் மகள் கல்யாணத்தில் மேடையிலேயே தேம்பித் தேம்பி அழுதான். நீ இருந்திருந்தால் மழை வரப்போகிறது என்றிருப்பாய். இல்லத்துச் சமையல்கார நாயர் போய்விட்டார். தொண்ணூற்றொரு வயது. மண்டாய் தகனச் சாலைக்கு எட்டுப் பேர் போயிருந்தோம், எட்டுப் பேரும் நம் பையன்கள்தான். சாம்பாரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழகிய மனுஷனுக்கு அவ்வளவாவது மரியாதை செய்ய வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓர் அசிங்கம் செய்துவிட்டேன். உன்னிடம்தான் சொல்ல முடியும். மற்றவர்களிடம் சொன்னால், "நல்ல காரியம்தானே செய்தீங்க" என்கிறார்கள்.

எங்கள் புளோக்கில் காலை நடைக்கூட்டம் ஒன்று இருக்கிறது. பதினொரு பேர், எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். நடப்பது இருபது நிமிடம், கோப்பிக்கடையில் உட்காருவது இரண்டு மணி நேரம். போன மாசி மாதம் எல்லாருமாகத் திருச்சிக்கு விமானம் ஏறி, அங்கிருந்து வேன் பிடித்து, தஞ்சாவூர், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரு சுற்றுப் போனோம். எங்களில் ஒருவருக்கு அந்த வாரம் எழுபதாவது பிறந்தநாள். "போகிற வழியில் ஆதரவற்ற பிள்ளைகளோடு கொண்டாடினால் புண்ணியம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், மணியம். ஆட்டியதோடு விட்டேனா? பேக்கரிக்குப் போன் போட்டு மூன்று கிலோவில் கேக் சொன்னவனே நான்தான்.

நாகப்பட்டினம் பக்கம், சுனாமிக்குப் பிறகு கட்டிய ஒரு குழந்தைகள் கிராமம். அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுத்தான் போனோம். ஒரு வீட்டைப் பார்க்கலாம், பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இந்தியச் சட்டப்படியே அந்தப் பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் வெளியில் போடக் கூடாது. பிறந்தநாள்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. படம் இல்லாத புண்ணியம் எந்தக் கணக்கில் சேரும்?

வீட்டு வாசலில் நிற்கிறோம். என் கையில் பெட்டி. ஓர் அம்மா வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். அப்புறம் மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "இன்னிக்கு எங்க வீட்டுல யாருக்கும் பிறந்தநாள் இல்லையேங்க ஐயா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. "போன வாரம் சின்னவளுக்கு வந்துச்சு, பாயசம் வெச்சோம். அடுத்தது புரட்டாசியிலதான். இதை ஆபீஸ்ல குடுத்துடுங்க, உள்ள வந்து காப்பி சாப்பிடுங்க" என்றார். கோபமே இல்லை. மாவு பாக்கெட்டை வீடு மாற்றிக் கொண்டுவந்த கடைப்பையனிடம் பேசுவது போல.

உள்ளே போனால் யாரும் எழுந்து நிற்கவில்லை. யாரும் வரிசை கட்டவில்லை, பாட்டுப் பாடவில்லை. தரையில் குப்புறப் படுத்து ஜியோமெட்ரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கி, "யாரும்மா?" என்றாள். "சிங்கப்பூர்லேர்ந்து வந்திருக்காங்க." "ம்" என்றுவிட்டு மறுபடி காம்பஸைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். அந்த "ம்" இருக்கிறதே, அதற்கு நான் எதையும் கொடுப்பேன். நாம் இல்லத்தில் இருந்த ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது ஒரு விருந்தாளியிடம் அப்படி "ம்" சொல்லியிருக்கிறோமா? டிசம்பர் ஞாயிறுகளை நினைத்துப் பார். காலையில் ஒரு குழு, மத்தியானம் ஒரு குழு. ஒரே நாளில் நாலு கேக், நாலு தடவை அதே பாட்டு, நாலு தடவை "தேங்க் யூ அங்கிள்". கேக்கோடு வந்த வெள்ளைக் காலணி அம்மையாரை நீ பழிவாங்கிய நாளும் அதுதானே. நான் வேனில் அதை நினைத்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது, இந்தத் தடவை காலணி என் காலில் இருக்கிறது என்று.

இந்தக் கிராமங்களின் கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமம் என்று ஆஸ்திரியாவில் 1949இல் தொடங்கியது. ஹெர்மன் க்மைனர் என்பவர் ஆரம்பித்தார். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். அக்காதான் அவரை வளர்த்தார். போர் முடிந்து ஊரெல்லாம் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். நாற்பது கட்டிலைப் போட்டு ஒரு வார்டனை வைப்பதற்குப் பதிலாக, ஒரு வீடு, ஒரு அம்மா, அண்ணன் தம்பி அக்கா தங்கை, சுற்றிலும் அதே மாதிரி நாலு வீடு இருக்கட்டும் என்றார். உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பது அதில் முக்கியம். காசுக்குப் பெரிய பணக்காரர்களைத் தேடவில்லை. ஆளுக்கு மாதம் ஒரு ஷில்லிங் கேட்டார். 1963இல் தென்கொரியாவில் ஒரு கிராமம் கட்ட, ஓர் அரிசி மணியை ஒரு டாலருக்கு விற்றாராம்! இதைச் சொன்னதும் உன் தங்கச்சி நம் வீட்டு அரிசி மூட்டையைப் பார்த்து, "அப்ப நாம கோடீஸ்வரங்கதான்" என்றாள்.

நாங்கள் பார்த்ததும் அந்த மாதிரிதான் நடக்கிறது. வீட்டுச் செலவுக்கு மாதப் பணம் அம்மா கையில் வருகிறது, கணக்கு அவர்தான் பார்க்கிறார். நோட்டைக் காட்டினார். மத்தி மீன் ஒன்றரைக் கிலோ, தக்காளி, ஒரு ஜோடி செருப்பு, அதற்குக் கீழே "மறுபடியும் செருப்பு" என்று ஒரு வரி. எவனோ தொலைத்திருக்கிறான். ஒன்பது பிள்ளைகள், ஆறு வயதிலிருந்து பதினேழு வரை. கதவு நிலையில் உயரம் குறித்த பென்சில் கோடுகள்.

அடுப்படியில் தட்டுகள் கவிழ்த்து வைத்திருந்தன. காப்பி டம்ளரை வைக்கப் போனவன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். எவர்சில்வர் தட்டு, விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. முன்னெழுத்தோடு. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவார்களே, அதே புள்ளிப் புள்ளி எழுத்து. ஒன்பது தட்டு, ஒன்பது பெயர். "புதுசா ஒரு பிள்ளை வந்தா மொதல்ல பாத்திரக்கடைக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றார் அந்த அம்மா.

என் தட்டில் 27. உன்னுடையதில் 31. சட்டைக் காலரிலும் அதேதான், சிவப்பு நூலில்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் மற்றவர்கள் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். நான் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, கிராமத்தின் களப்பணியாளர் ஒருவரோடு ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு கோப்புப் பை, பின்னால் நான். அவர்களுடைய வேலையில் பாதி, கிராமத்துக்குள் பிள்ளைகள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு முதலில் புரியவில்லை. இல்லத்துக்குப் பிள்ளை பிடிக்க அலைகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வராமல் தடுக்க அலைகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் கருவாடு காயப் போட்டிருந்த ஓர் அம்மா. புருஷன் போன வருஷம் இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள். இரண்டை எங்காவது இல்லத்தில் விட்டுவிடலாம் என்று முடிவே செய்திருந்தாராம். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிள்ளை வீட்டிலேயே வளர, அரசாங்கம் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் ரேஷன் கார்டில் புருஷன் பெயர் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. ஒரே ஓர் எழுத்துதான், சின்ன ரகரமும் பெரிய றகரமும். அந்த ஓர் எழுத்துக்காகக் கோப்பு நாலு மாதமாக நின்றுகிடக்கிறது. களப்பணிப் பெண் கருவாட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். ஈயை ஓட்டிக்கொண்டே எழுதினாள். நான் குடை பிடித்தேன். தொண்டூழியத்தில் நான் உருப்படியாகச் செய்தது அந்தக் குடை ஒன்றுதான்.

அந்த அம்மா கேட்டார்: "அப்ப, ரெண்டையும் விட வேணாமா?"

மணியம், எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை. படகுப் பக்கம் போய்விட்டேன்.

நீ என்னைப் போலி என்றுதானே கூப்பிடுவாய். போலி அநாதை. நான் ஒரு நாளும் கோபித்ததில்லை, உண்மை அதுதான். அப்பா துறைமுகத்தில் இறந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மாவுக்குக் காத்தோங்கில் ஒரு பங்களாவில் தங்கி வேலை கிடைத்தது. பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. ஓரறை வீட்டுக்கு அப்போது மாதம் இருபதோ முப்பதோ வெள்ளிதான் வாடகை. அவ்வளவுதான் குறைந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. நம் இல்லத்துக்குக் கேக் கொண்டுவந்தவர்கள் ஒரு வருஷம் கேக்குக்குச் செலவழித்ததில் நான் வீட்டிலேயே வளர்ந்திருப்பேன். ஆனால் யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை. அநாதைப் பிள்ளை கண்ணில் பட்டான், அவன் அம்மா படவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர் செய்தித்தாளில் சுற்றிக் கறிபாப் கொண்டுவருவார். பெரும்பாலும் இரண்டு. ஒன்று உனக்கு. உனக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். இன்னொரு விஷயத்தை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை: சில மாதம் அவர் ஒன்றுதான் கொண்டுவந்தார். அந்த மாதங்களில் எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி அதை உன்னிடம் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். எனக்கு அப்போது அவர் மேல் எவ்வளவு ஆத்திரம் தெரியுமா! எவனோ ஒருவனுக்குக் கொடுக்கிறாரே என்று.

சரி, போகட்டும். திரும்பி வந்து ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால், தேக்காவில் உண்டியல் குலுக்குகிற வேலையெல்லாம் நடக்காது. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் வசூலிக்க இங்கே அனுமதி வாங்க வேண்டும். வசூலில் 80 விழுக்காடு இங்கேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. சில வேளைகளில்தான் தளர்த்துவார்கள். அந்தப் பக்கம் இன்னும் வேடிக்கை. வெளிநாட்டுப் பணம் வாங்கப் பதிவு வைத்திருக்கும் அமைப்பாக இருக்க வேண்டும், பணம் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். நாகப்பட்டினத்துக்கு டெல்லி வழி! எங்கள் கூட்டத்தில் இருவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டை விடாதவர்கள். அவர்கள் கொடுத்தால் அது உள்நாட்டுக் கணக்கு. என் சிவப்புச் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் கொடுத்தால் வெளிநாட்டுக் கணக்கு. நம் பணத்துக்கும் குடியுரிமை உண்டு என்று அறுபத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

ஆகவே வசூல் கிடையாது. ஆளுக்குச் சொந்தக் கணக்கிலிருந்து மாதம் முப்பது வெள்ளி, முறையான வழியில், குடும்பங்களுக்கான வேலைக்கென்று குறிப்பிட்டு அனுப்புகிறோம். பதினொரு பேரில் ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். பிறந்தநாள்காரர் சேரவில்லை. யாருக்குப் போகிறது என்று முகம் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கேக் சொன்னவன் நான். (கேக் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அலுவலகத்தில் வெட்டி, காவலாளிக்கும் தோட்டக்காரருக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு. நன்றாகத்தான் இருந்தது.)

பெர்த்திலிருந்து நீயும் சேர வேண்டும் என்று கேட்கமாட்டேன். கேட்காமலே சேருவாய், தெரியும்.

கிளம்புகிற அன்று நாகப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். இரண்டு டம்ளர் வாங்கினேன். பெயர் வெட்டுகிறவர் ஊசியை வைத்துக்கொண்டு முன்னெழுத்து என்ன என்றார். என்னுடையதைச் சொன்னேன். உன்னுடையதற்கு வந்தபோது நின்றுவிட்டேன். உன் அப்பா பெயர் நம் இருவருக்குமே தெரியாதே. அவர் காத்திருந்தார், பின்னால் ஆள் நின்றது. கடைசியில் என் அம்மாவின் முதலெழுத்தைப் போடச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு என்றால் சொல், திருப்பி அழிக்க முடியாது, ஆனால் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

டம்ளர் இங்கே அலமாரியில் இருக்கிறது. அஞ்சலில் அனுப்பினால் டம்ளர் விலையைப் போல் பத்து மடங்கு ஆகிறது. தீபாவளிக்கு வந்து இதில் கோப்பி குடி. கறிபாப் நான் வாங்கிவைக்கிறேன், இரண்டு.

உன்
போலி