திருப்பணி நிறைவு அறிக்கை: மடைப்பள்ளிக் கூரையும் பிரகார உத்தரங்களும்

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அம்பாள் அருளாலும் உங்கள் உபயத்தாலும் திருப்பணி நிறைவுற்றது. கும்பாபிஷேகமும் 48 நாள் மண்டலாபிஷேகமும் குறைவின்றி நடந்தேறின. கோபுரச் சுதைகளின் புது வண்ணத்தையும் விமானக் கலசங்களையும் நீங்களே தரிசித்துவிட்டீர்கள். ஆனால் பெருந்தொகை செலவானது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அது ஏன் என்று சொல்வது எங்கள் கடமை.

மடைப்பள்ளியில் சாரம் கட்டியதும் பொறியாளர் ஒரு சிறு சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டங்’ என்றது. அடுப்புக்கு நேர் மேலே ‘டொப்’ என்று உள்ளீடற்ற ஓசை. உடைத்ததும் துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. முன்பு பழுது பார்த்தவர்கள் விரிசலின் மேல் பூச்சுப் பூசி வண்ணம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றே நாம் விசாரிக்காமல் விட்டது எங்களுக்கு இன்றும் வருத்தம்.

கான்கிரீட் நசுக்கும் பாரத்தைத் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுப்பைத் தாங்கும் வலு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கருங்கல்லுக்கும் இழுப்பு ஆகாது. கல் மண்டபங்களில் தூண்களை நெருக்கி நிறுத்தியது அதனால்தான். தூண்களுக்கு இடையே உத்தரத்தின் மேல் பாரம் இறங்கும்போது மேற்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளத்தான் அடியில் கம்பி.

சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊறி அந்தக் காரத்தைத் தணித்துவிடும். உடைத்த முகத்தில் பொறியாளர் பினால்ப்தலீன் தெளித்துக் காட்டினார். காரம் இருக்கும் இடத்தில் ரோஜா நிறமாக மாறும் கரைசல் அது. ஆழத்தில் பளிச்சென்று ரோஜா நிறம். கம்பியைச் சுற்றி நிறமே ஏறவில்லை. காவல் போன கம்பியைப் பொங்கல் பானையின் ஆவி துருப்பிடிக்க வைத்தது. துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளிருந்தே முட்டிப் பிளக்கும். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குளியலறைக் கூரை பெயர்ந்து விழுவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

பூத்தொடுக்க வரும் பாட்டி ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: “எலும்பு முறிஞ்சா கட்டுப் போட்டா கூடிடுதே, இது கூடாதா தம்பி?”

“கூடாது பாட்டி. எலும்புக்கு உயிர் இருக்கு. பாரம் விழுற இடத்துல தானே கெட்டிப்பட்டுக்கும். இதுக்கு நாமதான் வைத்தியம் பாக்கணும்” என்றார் பொறியாளர்.

அந்த வைத்தியம் இதுதான்: கூரைக்கு முட்டுக் கொடுத்து, கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்தோம். துருவைச் சுரண்டி, மெலிந்துபோன கம்பிகளுக்குப் பக்கத்துணையாகப் புதியவை சேர்த்து, துருத்தடுப்புப் பூசிப் புதுக் கலவையால் மூடினோம். பிரகார உத்தரங்களுக்கும் இதே முறைதான்.

“வேலை முடிந்தும் மடைப்பள்ளியை ஏன் திறக்கவில்லை?” என்று பலர் கோபித்துக்கொண்டீர்கள். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால் ஈரச்சாக்குப் போட்டுக் காத்தோம். அதன் வலுவை 28 நாள் கணக்கில் அளப்பதே வழக்கம். அதுவரை கூரைக்குக் கொடுத்த முட்டுகளை எடுக்க மனம் வரவில்லை. அந்த நாட்களில் வீட்டிலிருந்து பிரசாதம் சமைத்துக் கொண்டுவந்த குடும்பங்களுக்கு நன்றி.

அடுப்பின் மேல் ஆவிபோக்கி பொருத்தியாயிற்று. மொட்டைமாடி வடிகாலும் சீரானது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை அலுவலகத்தில் பார்வையிடலாம். ஆண்டுக்கு இருமுறை சுத்தியலால் தட்டிப் பார்க்கத் தொண்டூழியர்கள் தேவை. பொறியாளர் கற்றுத்தர இசைந்துள்ளார். விரும்புவோர் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்