ரத்தான விமானத்தின் பணம் கேட்காமலே திரும்ப வேண்டும்

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு,

வணக்கம். 2025 டிசம்பர் முதல் வாரம் உங்களுக்கு மறந்திருக்காது. விமானிகளின் பணிநேர விதி மாறுவது முன்பே தெரிந்திருந்தும் இண்டிகோ அதற்குத் தேவையான ஆட்களோடு தயாராக இல்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மறுநாள் அமைச்சகம் உத்தரவு போட்டது: நிலுவையில் உள்ள பணம் முழுவதும் 7ஆம் தேதி இரவு 8 மணிக்குள் பயணிகளிடம் போய்ச் சேர வேண்டும். 610 கோடி ரூபாய் திருப்பியாகிவிட்டது என்று அறிவிப்பும் வந்தது.

நல்லதுதான். ஆனால் அமைச்சகம் அதட்டினால் இரண்டு நாளில் நடக்கிற வேலை, மற்ற நாட்களில் ஏன் பயணி ஒவ்வொருவரும் மின்னஞ்சல் போட்டு, வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து வாங்க வேண்டியதாக இருக்கிறது?

உங்களிடம் விதி இல்லை என்று சொல்லவில்லை. கார்டில் கட்டிய பணம் 7 நாளில் திரும்ப வேண்டும், கிரெடிட் ஷெல் (பணத்துக்குப் பதிலாக, பின்னால் அதே நிறுவனத்தில் டிக்கெட் எடுக்க வைக்கும் வரவு) வேண்டுமா பணம் வேண்டுமா என்று தீர்மானிப்பது பயணியின் உரிமை என்றெல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள். எழுதியிருந்தும் கொரோனா காலத்தில் நிறுவனங்கள் கிரெடிட் ஷெல்லைத்தான் நீட்டின. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்த பிறகுதான் வழி பிறந்தது.

டிராவல்ஸ் மூலம் டிக்கெட் எடுப்பவர்கள் பாடு இன்னும் மோசம். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களில் பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஏஜென்ட் என்பவர் நிறுவனத்தின் பிரதிநிதி, பணத்தைத் திருப்பும் பொறுப்பு நிறுவனத்துக்கே என்பது உங்கள் விதிதான். நடப்பது என்ன? நிறுவனத்தைக் கேட்டால் "ஏஜென்ட் கணக்குக்கு அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். ஏஜென்டைக் கேட்டால் "இன்னும் வரவில்லை சார்" என்கிறார். எங்கள் உறவினர் ஒருவருக்கு ஒரு விமானம் ரத்தானபோது இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் அவர் பணம் கிடந்தது. விமானம் ரத்தான செய்திகூட அவருக்கு நேராக வரவில்லை. முன்பதிவில் இருந்தது டிராவல்ஸ்காரரின் செல்போன் எண்.

இதில் ஒரு கொக்கியும் இருக்கிறது. சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்றும் உங்கள் விதி சொல்கிறது. ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் அதற்கும் பயணிதான் பலியாக வேண்டுமா?

இழப்பீடு என்றதும் அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். புறப்பட 24 மணி நேரம்கூட இல்லாதபோது ரத்து என்று சொன்னால், டிக்கெட் பணம் போக, பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. இந்த உச்சவரம்புகள் 2016 ஆகஸ்ட்டில் வந்தவை. அந்த 'எது குறைவோ' என்பதில்தான் எல்லாம் கரைந்துபோகிறது. முன்கூட்டியே 2,800 ரூபாய்க்குச் சென்னை–மதுரை டிக்கெட் எடுத்தவருக்கு இழப்பீடு அந்த 2,800-ஐத் தாண்டாது. ஆனால் டிசம்பர் நெருக்கடியில் 500 கிலோமீட்டருக்குள் பறக்க அரசே விதித்த கட்டண உச்சவரம்பு 7,500 ரூபாய். மாற்று டிக்கெட்டின் விலை என்னவாகும் என்று அரசுக்குத் தெரிந்தே இருக்கிறது. இதுவும் 'அசாதாரணச் சூழல்' என்று நிறுவனம் சொல்லாதவரைதான்; சொல்லிவிட்டால் இழப்பீடே இல்லை. அது உண்மையா என்று சாதாரணப் பயணி எங்கே போய்ச் சரிபார்ப்பார்?

அமெரிக்காவில் 2024 அக்டோபர் இறுதியிலிருந்து, மாற்று ஏற்பாட்டை ஏற்காத பயணிக்கு அவர் கேட்காமலே பணம் திரும்ப வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாள் கெடு. தானாகத் திரும்புவது என்பதுதான் அங்கே சட்டம். நம்மிடம் யுபிஐ இருக்கிறது. ஒரு டீக்குக் கொடுக்கும் பணம் நொடியில் போய்ச் சேர்கிற நாட்டில் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது.

ஆகவே கேட்பது இதுதான். ரத்து அறிவிப்பு வெளியாகும்போதே பணம் திருப்பும் பணி தொடங்க வேண்டும், விண்ணப்பம் எதுவும் வேண்டாம். ஏஜென்ட் வழி டிக்கெட்டிலும் பயணியின் சொந்த எண்ணைக் கட்டாயமாக்கி, பணம் எந்தத் தேதியில் யார் கணக்குக்குப் போனது என்ற தகவலை அந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 'எது குறைவோ' என்பதை எடுத்துவிடுங்கள். அசாதாரணச் சூழல் என்று மறுத்தால், காரணத்தை அந்த விமான எண்ணோடு நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். கெடு தாண்டினால் வட்டி.

2023 மே 3 அன்று கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் திவால் வழக்கில் அதற்குக் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தைக் கலைக்கவே உத்தரவாகிவிட்டது. பறக்காத பயணத்துக்கு வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்வது பற்றியும் நிறுவனங்களோடு பேசத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு பயணி