மாவட்டத்துக்கு ஒரு முழு மெத்தை: உயரம் பாயும் பெண்பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

வன்னி மாவட்டங்களின் விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த உபகரணப் பட்டியல் போடும்போது பாடசாலைக்கொரு மெல்லிய மெத்தை என்று பங்கிட வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஒவ்வொன்றிலும் ஒரு இடத்திலாவது, உயரம் பாயும் பிள்ளை விழுவதற்கு முழு மெத்தை போடுங்கள். சர்வதேசப் போட்டிக்கு 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 70 சென்ரிமீற்றர் உயரம். பயிற்சிக்கு 5க்கு 3 போதும். உயரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதுகைக் கீழே காட்டித் தடியைத் தாண்டும் பொஸ்பரி முறையில் பிள்ளை தோளும் மேல்முதுகும் படத்தான் விழுவாள். மணலிலோ மெல்லிய மெத்தையிலோ அப்படி விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. அதனால் பயந்து, கால்களை ஒவ்வொன்றாக வீசித் தாண்டும் கத்தரி முறையிலேயே நின்றுவிடுகிறாள். இலங்கையின் உயரம் பாய்தல் வீரர் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றாரே, அவருக்கு எந்த மெத்தை இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அவர் முதுகால் விழும் இந்த முறையில் பாயவில்லை; பொஸ்பரி முறையை உலகம் கண்டதே 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில்தான்.

இரண்டு மெத்தைகளை ஒட்டிவைத்தால் நடுவில் பிளந்து பிள்ளை உள்ளே போவாள். பட்டியால் இறுக்கி, மேலே ஒரே விரிப்புப் போட வேண்டும். மெத்தைக்கும் கம்பங்களுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றராவது விடாவிட்டால் மெத்தை அசைந்து தடியைத் தட்டிவிடும். அடியில் பலகைத் தட்டு வையுங்கள். மாரியில் ஈரம் ஏறிய ஸ்பொஞ்சு பிறகு எழும்பாது. தடிக்குப் பதிலாக இரும்புக் குழாய் ஒருபோதும் வேண்டாம். பழகும் நாட்களில் இலாஸ்டிக் கயிறே நல்லது.

அடுத்தது ஓடுபாதை. எட்டு முதல் பத்துக் காலடிகளில் கடைசி நாலைந்தும் வளைவில் விழ வேண்டும். அந்த வளைவில் உடல் உள்ளே சாய்வதால்தான் தடிக்கு மேலே முதுகு திரும்புகிறது. கிரவல் உதிரும் தரையில் வெளிக்கால் வழுக்கும். வழுக்குமென்று அஞ்சி நேராக ஓடி வருபவள் இடுப்பால் தடியைத் தட்டுவாள். உந்தும் பாதத்தைத் தடிக்குச் சமாந்தரமாக வைத்தால் கணுக்காலும் முழங்காலும் முறுகும். பாதம் ஓடிவந்த திசையையே பார்க்க வேண்டும். இடக்காலால் உந்துபவள் வலப்பக்கமிருந்து வருவாள், மற்றவள் இடப்பக்கமிருந்து. எனவே இரு பக்கமும் 15 மீற்றராவது இறுகிய சமதரை தேவை.

பதினைந்து, பதினாறு வயதில் உடல் மாறும்போது பாயும் உயரம் ஓரிரு வருடம் ஏறாமல் நிற்கலாம். அப்போது ‘சோற்றைக் குறை’ என்பது மோசமான ஆலோசனை. மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் வைத்தியரிடம் அனுப்புங்கள். எலும்பு வெடிப்புக்கு அது முன்னறிகுறியாக இருக்கலாம். இரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாதாரணதரப் பரீட்சையோடு பயிற்சியிலிருந்து பெயரை வெட்டிவிடவும் வேண்டாம். பெண்கள் உலக சாதனையாக பல்கேரியாவின் கொஸ்டாடினோவா 1987இல் தாண்டிய 2.09 மீற்றரை உக்ரேனின் மகுச்சிக் 2024 ஜூலையில் 2.10 ஆக்கினார், சாதனை வைத்தபோது இருவருக்கும் வயது 22. ஸ்பெயினின் ரூத் பெய்த்தியா 2016இல் ரியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றது 37 வயதில். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குக் கிழமையில் இரண்டு பாய்ச்சல் நாள், இரண்டு பலப்பயிற்சி நாள் என்றால் ரியூசனோடும் சமாளிக்கலாம்.

இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் ஆண்டுத் தொடக்கத்தில் வருகின்றன. அதற்கு ஆயத்தமாகும் மாதங்களோ மாரி. ஆகவே மெத்தையைக் கூரையுள்ள இடத்துக்கு அருகில் போடுங்கள். களஞ்சியத் திறப்பு பாடசாலை விட்ட பிறகும் பயிற்றுநரின் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வன்னியில் உயரம் பாய்தல் பழக்குபவர்கள்