நோயாளியின் கட்டிலருகே வரும் போதகர்களுக்கு

அன்புள்ள போதகர்களே, ஊழியக்காரர்களே,

எனக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். பார்க்க வந்த ஒரு போதகர் 91-ஆம் சங்கீதத்தை உருக்கமாக வாசித்து ஜெபித்தார். மனதுக்கு இதமாக இருந்தது. கிளம்பும்போது கதவருகே திரும்பி, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்" என்றார். நல்லெண்ணத்தில்தான் கேட்டிருப்பார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. பள்ளிக்கூட நாட்களில் சொன்ன பொய் வரைக்கும் தோண்டிக்கொண்டிருந்தேன். "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று சற்றுமுன் வாசித்தார்களே, அணுகிவிட்டதே, அப்படியானால் நான் கூடாரத்துக்கு வெளியிலா?

அதே சங்கீதத்தைத்தான் சாத்தான் தேவாலயத்து உப்பரிகையில் வைத்து இயேசுவிடம் சொன்னான். தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதி என்றான். அவர் குதிக்கவில்லை. அந்த வசனத்தை, ஆபத்தே வராது என்ற உத்தரவாதமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே இயேசுவின் சீடர் யாக்கோபு பட்டயத்தால், அதாவது வாளால், கொல்லப்படுகிறார். சில வசனம் தள்ளி, சிறையில் இருக்கும் இன்னொரு சீடர் பேதுருவின் சங்கிலிகள் கழன்று விழுகின்றன. யாக்கோபிடம் ஒளித்த பாவம் இருந்தது என்று நம்மில் யாராவது சொல்வோமா? பவுல் ரோமர் 8-இல் போடுகிற பட்டியலிலும் அந்தப் பட்டயம் இருக்கிறது. உபத்திரவம், பசி, நாசமோசம் (ஆபத்து) எல்லாம் இருக்கின்றன. இவையெல்லாம் வராது என்று அவர் சொல்லவே இல்லை. வந்தாலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்கிறார். நான் நம்பியிருக்கிற பாதுகாப்பு இதுதான்.

அந்த அதிகாரத்தின் முதல் வசனம், கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு "ஆக்கினைத்தீர்ப்பில்லை", அதாவது தண்டனைத் தீர்ப்பு இல்லை, என்பது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அதோடு "மாம்சத்தின்படி நடவாமல்" என்ற நிபந்தனைப் பகுதியும் சேர்ந்து வருகிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது 4-ஆம் வசனத்தில்தான் உண்டு, முதல் வசனத்தில் இல்லை. ஆனால் பல பிரசங்கங்களில் அந்த வாலைப் பிடித்துத்தான் முறுக்குகிறீர்கள். கேட்கிறவர் காதில் "இல்லை" விழாமல், நிபந்தனை மட்டும் விழுகிறது.

சரி, பாவத்தைக் கண்டிக்கவே கூடாதா? கண்டியுங்கள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் இயேசு, "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்றார். அப்புறம்தான் "இனிப் பாவஞ்செய்யாதே" என்றார். இந்த வரிசையை மாற்றாதிருந்தால் போதும்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டிலருகே வந்தால், ரோமர் 8-இல் 31 முதல் 39 வரை மெதுவாக வாசியுங்கள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். அறிக்கை செய்ய ஏதாவது இருந்தால் படுத்திருப்பவரே வாய் திறப்பார்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருவர்