உருக்கும் முன் ஆண்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

தங்கம் விலை ஏறியதும் எங்கள் கும்பகோணம் பக்கம் பாட்டி காலத்துப் பவுன் காசுகளை, அதாவது பிரிட்டிஷ் ராஜா ராணி தலை போட்ட தங்க நாணயங்களை, கொண்டுபோய் உருக்கிவிட்டு வருகிறார்கள், அதில் யார் தலை, எந்த ஆண்டு என்று யாரும் பார்ப்பதே இல்லை. விக்டோரியாவின் பொன்விழாவுக்கு 1887இல் சின்னக் கிரீடம் வைத்த புதுத் தலையோடு பவுன் வந்தது. 2002இல் எலிசபெத்தின் பொன்விழாவுக்குக் பின்பக்கம் வழக்கமாக இருக்கும் குதிரைவீரனை எடுத்துவிட்டுக் கேடயம் போட்டார்கள். எல்லாம் 22 காரட், 7.98 கிராம்தான், ஆனாலும் அபூர்வமான ஆண்டு, தேயாத காசு என்றால் சேகரிப்பவர்கள் தங்க விலைக்கு மேலேயும் தருவார்கள். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்திருந்தால் போச்சு, எடைக்கு உள்ள விலைதான். பளபளக்கத் தேய்க்கவும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று: பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயம்கூட வெள்ளிக் கலவைதான். ராஜராஜனுக்கு ஒரு தங்கக் காசு போட்டால் என்ன?

வாசகர், கும்பகோணம்